ஐந்து பட்டன் வைத்த பனியன்

"கேட்டாச் சொல்லிக்கலாமுங்க்கா. கேக்காட்டி நாம எதுக்குப் போய்ச் சொல்லோணும்?" என்று முன்சீட்டில் யாரோ போனில் பேசியது, கம்பெனி வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் காதில் விழுந்தது. செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். வீட்டுக்கார அம்மாள் ஊருக்குப் போயிருந்தபோது தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தூங்கிப்போனாளாம், மோட்டார் கருகிவிட்டதாம். அவ்வளவுதான் விஷயம். அதற்குள் பேச்சு அக்காள் மகனின் காய்ச்சலுக்குப் போய்விட்டது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் வேனை விட்டு இறங்காமல் சுகந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டு பத்துக்கு அனுப்பர்பாளையத்தில் ஏறினால் எட்டு ஐம்பதுக்கு மங்கலம் ரோட்டில் இருக்கும் கம்பெனி. நாற்பது நிமிஷம். தினமும் அதே நாற்பது நிமிஷம், அதே சீட்டு; சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் முதுகு உடையும் என்று யாரும் உட்காராத சீட்டு. ஒன்றரை வருஷமாக அது அவளுடையது. யாரும் அதைக் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. மடியில் பை, பைக்குள் போன், போனுக்குள் நேற்று சாயங்காலம் வந்த இரண்டு மெயில்கள். திறந்து பார்க்க வேண்டியதில்லை. முதல் மெயில் கமாவோடு மனப்பாடம். இரண்டாவது மெயிலில் கமாவே கிடையாது.

முதல் மெயில் ஸ்பெயினிலிருந்து, கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் பெகோன்யா எழுதியது. ஸ்பானிஷ் மெயில்களைப் படித்து மொழிபெயர்ப்பதுதான் கம்பெனியில் சுகந்தியின் வேலை; பெகோன்யாவைப் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதுகிற ஒரே ஆள் உலகத்தில் பெகோன்யாதான். 'நீங்கள் அனுப்பிய சாம்பிள் மிக மெல்லியது, மிக மென்மையானது. ஆபீஸில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். ஆனால் இது என்ன, சுகந்தி? நாங்கள் கேட்டது ஒரு சலேக்கோ அல்லவா?' அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. இரண்டாவது மெயில், கேட்டது இது இல்லையாம் என்று மட்டும் அவளிடமிருந்து தெரிந்துகொண்ட மேனேஜர் லோகநாதன் அரை மணி நேரத்தில் எல்லோருக்குமாக அனுப்பியது, முதலாளி உட்பட. பேட்டர்ன் மாஸ்டரின் தவறு, அவருக்கு வயதாகிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வேறு மாஸ்டர் வருகிறார். இன்று சனிக்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு மட்டும்தான் இருக்கிறது. எல்லோருக்கும் போன அந்த மெயிலில், பெயர் பட்டியலின் கடைசியில் சுகந்தியின் பெயரும் இருந்தது. அந்த மாஸ்டர், காசிலிங்கத்தின் பெயர் இல்லை. அவருக்கு மெயில் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரு கத்திரி, ஒரு டேப்பு, மாதிரி உடுப்புகள் தைக்கும் கீழ்த்தளத்துச் சாம்பிள் அறையில் ஜன்னலோரமாக ஒரு மேஜை.

சலேக்கோ. வேன் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அந்த வார்த்தையும் உள்ளே ஒருமுறை ஏறி இறங்கியது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த வார்த்தையோடு அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். சட்டைக்கு மேலே போட்டுக்கொள்கிற, கையில்லாத, முன்னால் பட்டன் வைத்த உடுப்பு. அர்த்தம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சலேக்கோ என்ற சத்தம் ஸ்பானிஷ் மாதிரியே இல்லையே என்று தோன்றி, மத்தியானச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் அகராதியில் தேடினாள். துருக்கியில் யெலெக் என்று இருந்ததாம். அது கடலோரமாகவே போய் அல்ஜீரியாவின் அரபியில் ஜலீக்கா ஆகியிருக்கிறது. அங்கே, பிடித்துக் கொண்டுபோன கைதிகளுக்கு, துடுப்புப் போடுகிற கப்பல்களில் அடைத்து வைத்தவர்களுக்கு, அதைத்தான் மாட்டிவிடுவார்களாம். அந்தக் கைதிகளில் ஸ்பெயின்காரர்கள் நிறையப் பேர். வார்த்தை அவர்களோடு திரும்பி ஸ்பெயினுக்கு வந்து, முதலில் ஹலேக்கோ, பிறகு சலேக்கோ. தயிர்சாதம் கையில் காய்ந்துபோனது தெரியவில்லை. ஊர் திரும்பிய ஒருவன், கப்பலிலிருந்து இறங்கி, அம்மாவிடமோ பெண்டாட்டியிடமோ, இதுக்கு என்ன பேர் என்று அவர்கள் கேட்டபோது, தன்னை அடைத்து வைத்தவர்களின் வார்த்தையால்தான் பதில் சொல்லியிருப்பான். அவனுக்கு வேறு வார்த்தை தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருப்பானா, மெதுவாகச் சொல்லியிருப்பானா. இப்போது அதே வார்த்தையைத்தான் கடலில் விழுந்தவன் மூழ்காமல் இருக்கப் போட்டுக்கொள்கிற மிதவைச் சட்டைக்கும் சொல்கிறார்கள். கைதியின் உடுப்பு, காப்பாற்றுகிற உடுப்பு, இரண்டுக்கும் ஒரே பேர். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து மேஜையில் ஆள் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அந்தப் பூரிப்பிலேயே, பெகோன்யாவின் குறிப்புத் தாளை ஆங்கிலத்தில் எழுதி சாம்பிள் அறைக்கு அனுப்பினாள். சலேக்கோவுக்கு நேராக அகராதி முதலில் காட்டிய வார்த்தை வெஸ்ட். வெஸ்ட் என்று எழுதினாள். அமெரிக்காவில் அது கோட்டுக்குள் போடும் மேலுடுப்பு. திருப்பூரில் வெஸ்ட் என்றால் பனியன். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், கையில்லாத உள்பனியன். ஊரே அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று துருக்கி வரைக்கும் போய்ப் பார்த்தவள், அது எங்கே போகப்போகிறது என்று கீழ்த்தளம் வரைக்கும் இறங்கிப் பார்க்கவில்லை.

இறங்கிப் பார்க்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அதுதான் நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. காசிலிங்கம் மாஸ்டரே மேலே ஏறி வந்தார். மூட்டு வலிக்காரர், மாடிக்கு வரவே மாட்டார். அன்று கையில் அவளுடைய தாளைப் பிடித்துக்கொண்டு வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்று, விரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்து, "வி, ஈ, எஸ், டி. வெஸ்ட்டுன்னுதானுங்க அம்மிணி போட்டிருக்குது?" என்றார். ஆமாங்க என்றாள். "கழுத்து வி. செரி. அஞ்சு பட்டன் எதுக்குங்க பனியனுக்கு?" அவள் தாளைப் பார்த்தாள். பட்டன் என்றுதான் இருந்தது, அவளே எழுதியதுதான். "உள்ள போடற பனியனுக்கு யாருங்க அம்மிணி பட்டன் போட்டு அவுப்பாங்க? அதுவும் இத்தன லூசா? அளவு தப்பாட்ட இருக்குதே. வெள்ளக்காரன் ஒடம்பு பெருசுதான், அதுக்குன்னு ரெண்டு பேரா சேந்து போடுவாங்க?" பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரைப் பார்த்தா தன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. காது மடல் சூடாகிவிட்டது. அவர் கேட்டது பனியனைப் பற்றி என்று அவள் மண்டையில் ஏறவே இல்லை. அவர் கேள்வி கேட்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள், இது முடிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. "பனியன்தானுங்களே? பனியனாவே வெட்டிரட்டுங்களா?" என்று கடைசியாக, தெளிவாக, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார். அவள் தலையாட்டினாள். வாய் திறந்து ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தலையாட்டல், பஸ்ஸில் ஜன்னலை மூடிக்கவா என்று யாராவது கேட்டால் ஆட்டுவது போல. "செரிங்க அம்மிணி" என்று அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கிப்போன சத்தம் இருக்கிறதே, ஒவ்வொரு படிக்கும் ஒரு செருப்புச் சத்தம், அதை இப்போது வேனின் சக்கரத்தில் எண்ணிக்கொண்டு வருகிறாள்.

அவர் அதை எப்படித் தைத்திருந்தார் என்று ஸ்பெயினுக்கு அனுப்புவதற்கு முன் பார்க்கத்தான் பார்த்தாள். பூ மாதிரி மெல்லிசான துணி. துணி உங்கள் விருப்பம் என்று பெகோன்யா சொல்லியிருந்ததால், பனியனுக்கு எது உயர்த்தியோ அதை மாஸ்டர் தேடி எடுத்திருந்தார். அவ்வளவு மெல்லிய துணியில் பட்டன் போட்டால் இழுத்துக் கிழித்துவிடும் என்று உள்பக்கமாக ஒரு நாடா வைத்து, அது வெளியே தெரியாமல், ஐந்து பட்டனையும் கையாலேயே தைத்திருந்தார். அதைக் கையில் எடுத்தபோதாவது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். ஸ்பெயினில் இப்படித்தான் போடுவார்கள் போல என்று நினைத்தாள். பனியன் என்ற வார்த்தையே அப்படி ஊர் சுற்றியதுதானே, குஜராத் வணிகர்களைச் சொன்ன பெயர் போர்த்துக்கீசியர் வாயில் விழுந்து, மனிதர்களைக் குறித்தது போய் அவர்கள் போட்ட உடுப்பாகி, திரும்பி வந்து இங்கே ஒரு ஊருக்கே அடையாளமாகிவிட்டது, என்று அதை மடித்துக் கவரில் போடும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தாள். வேன் ரயில்வே மேம்பாலத்தில் ஏறியது. கீழே ஏதோ ரயில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். மனிதரின் பெயர் போய் உடுப்பின் பெயர் ஒட்டிக்கொள்வது. ஆறு வயதில் அவிநாசித் தேருக்குப் போய்க் காணாமல் போனபோது அவளுக்கு அதுதான் நடந்தது. போலீஸ் கூடாரத்தில் மைக் முன்னால் நிறுத்தி, பேர் சொல்லு கண்ணு, அப்பா பேர் சொல்லு, என்று எத்தனையோ தடவை கேட்டார்கள். பேர் தெரியும். தொண்டை வரை வந்தது. மைக் கறுப்பாக, பெரிய நாவல்பழம் போல மூக்குக்கு நேராக இருந்தது. அதில் சொன்னால் தன் குரல் இந்தக் கூட்டம் முழுக்கக் கேட்கும் என்று புரிந்ததும் வாய் பூட்டிக்கொண்டது. கடைசியில் அவர்களே அறிவித்தார்கள். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை அணிந்த பெண் குழந்தை. மூன்று தடவை. அப்பா ஓடி வந்து தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் அதையே கேட்டார். பேரச் சொல்றதுக்கு என்ன சாமி உனக்கு, பேரச் சொல்றதுக்கு என்ன?

"ஏங்க்கா, ஸ்பெயின் பாஷையில ஒரு திட்டு சொல்லுங்க" என்று யாரோ தோளைத் தட்டியபோது தூக்கிவாரிப் போட்டது. புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் ஏறிய பர்வீன், அயர்னிங் பிரிவு, இடம் இல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். "எங்க சூப்பர்வைசரத் திட்டோணும். அவனுக்குப் புரியவும் கூடாது, நமக்கு மனசும் ஆறோணும்." சுகந்தி சிரித்தாள், ஒன்றும் வரவில்லை என்று கையைக் காட்டினாள். "நீங்க ஒருத்தரு. ரெண்டு பாஷை கூடத் தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டீங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா இந்நேரம் அவன் ஓடியே போயிருப்பான்" என்றவள், முன்னால் திரும்பி, "சேதி தெரியுமா உங்களுக்கெல்லாம்? காசிலிங்கம் மாஸ்டர வீட்டுக்கு அனுப்பறாங்களாம்!" என்றாள். "எதுக்குடி?" "பனியனுக்குப் பட்டன் வெச்சு ஸ்பெயினுக்கு அனுப்பிட்டாராம். ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சு பட்டன்!" வேன் முழுக்கச் சிரிப்பு. "அடுத்தது ஜட்டிக்கு ஜேப்பு வெச்சிருப்பாரு" என்று டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இன்னும் பெரிய சிரிப்பு. "பாவம்டி, வயசான மனுசன், பொண்ணு கல்யாணத்த வேற வெச்சுட்டு இருக்காரு" என்று யாரோ ஒருத்தி மட்டும் சொன்னாள். சுகந்தி தன் முகத்தை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் கேட்பார்களே என்று வாய் தானாக அப்படி ஆகியிருந்தது. அதை மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

யாரும் கேட்கப்போவதில்லை. நேற்றிலிருந்து மனசு திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் அது. பெகோன்யாவின் தாளில் இருப்பது சலேக்கோ என்று படிக்கத் தெரிந்தவள் அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான். மேனேஜருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது, தைத்தவருக்கும் தெரியாது. தலையாட்டியதைப் பார்த்த பையன்களுக்கு அன்றே மறந்திருக்கும். மாஸ்டர் சொல்லிக்கொள்வாரா? அந்த அம்மிணிகிட்டக் கேட்டனுங்களே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நேற்றே சொல்லியிருந்தால் இந்நேரம் மெயில் வேறு மாதிரி வந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? ஒருவேளை சொல்லியிருப்பார், அவர்கள்தான் கேட்டிருக்க மாட்டார்கள். மெயில் எழுதிவிடலாம் என்று ஹாஸ்டலில் உட்கார்ந்து எத்தனை தடவை ஆரம்பித்தாள். அறையில் மூன்று கட்டில். மற்ற இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பி அவரவர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தான் பேசிய வார்த்தைகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள், பதினொன்று. அதில் நான்கு ஆமாங்க. 'மொழிபெயர்ப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினாள். நேர்ந்துவிட்டது. மழை பெய்துவிட்டது போல. அழித்தாள். ஸ்பானிஷில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. கோப்பையை நான் உடைத்தேன் என்று சொல்ல வேண்டாம், கோப்பை எனக்கு உடைந்துபோயிற்று என்று சொல்லலாம். தமிழில் மட்டும் என்ன, எனக்கு மறந்துபோச்சு, கை தவறிடுச்சு, வாய் வரலை. எல்லாம் தானாக நடந்துவிடுகிறது. கையும் வாயும் தனித்தனி ஆட்கள் போல. ஆனால் தலையாட்டினேன் என்பதை மட்டும் எப்படி மாற்றிப் பார்த்தாலும் அதன் கடைசியில் ஒட்டியிருக்கிற '-ஏன்', அந்த 'நான்', விழமாட்டேன் என்கிறது. எனக்குத் தலை ஆடிப்போயிற்று என்று எந்த பாஷையிலும் சொல்ல முடியாது. சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். வேலை போனால் ஹாஸ்டல் போகும், தாராபுரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். அதெல்லாம்கூடப் பயமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அது ஒன்றுதான். இருபத்து நான்கு வயதில், கல்லூரிப் படிப்பு படித்தவள், ஒரு மனிதரின் வேலையைத் தராசின் ஒரு தட்டிலும், இருபது பேர் திரும்பிப் பார்ப்பதை இன்னொரு தட்டிலும் வைத்து, எது கனம் என்று தெரியாமல் வேனில் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் தட்டு பார்வைகளின் பக்கமே சாய்கிறது.

"இறங்கலீங்களா?" என்றார் டிரைவர். வேன் காலியாக இருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. இறங்கி, வருகைப் பஞ்ச் வைத்து, மாடிப்படி வரை வந்து, முதல் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவள் இடித்துக்கொண்டு, "போறதுன்னா போங்க, இல்லாட்டி வழிய விடுங்க" என்றாள். வழியை விட்டாள். விட்டதில் உடம்பு சாம்பிள் அறைப் பக்கம் திரும்பியிருந்தது. கதவைத் தள்ளியதும் சத்தம் முகத்தில் அறைந்தது. பன்னிரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. டெய்லர்கள் யாரும் நிமிரவில்லை. கேட்காதது போல இருப்பதற்காகவே அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக மெஷினை மிதித்தது போல இருந்தது. ஜன்னலோர மேஜைக்கு முன்னால் லோகநாதன் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மாஸ்டர் தன் கத்திரியை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, பிறகு பிரித்து, சரியாக வரவில்லை என்பது போல மறுபடி ஒரு சுற்று. சுகந்தி அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "சார், மாஸ்டர் என்கிட்டக் கேட்டாருங்க" என்றாள். சொன்னது அவளுக்கே பாதிதான் கேட்டது. லோகநாதன் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, நீ மேல போ. பெகோன்யாவுக்கு ஒரு மெயில் போடணும், அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பினார். மாஸ்டர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்து, என்னங்க அம்மிணி என்பது போல லேசாகத் தலையை அசைத்துவிட்டுக் கத்திரிக்குத் திரும்பினார்.

சொல்லியாகிவிட்டது. கேட்காதது அவர்கள் தப்பு. திரும்பிக் கதவு வரைக்கும் நடந்தாள். உள்ளங்கால் குளிர்ந்திருந்தது, கதவுக்கு இன்னும் நான்கு மெஷின், மூன்று, இரண்டு, மேலே போய் உட்கார்ந்தால் திரையில் பெகோன்யாவின் நேற்றைய மெயில் இருக்கும், சுகந்தி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த அறையின் மெயின் சுவிட்ச் இருந்தது, சிவப்புக் கைப்பிடி, எண்ணெய்ப் பிசுக்கு. அவள் கையைத் தூக்கி அதைக் கீழே இறக்கினாள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் எல்லாம் சேர்ந்து நின்றன. தலைக்கு மேலே மின்விசிறிகள் மட்டும் மெதுவாகச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தன. "யாருங்க அது கரண்ட்ட ஆஃப் பண்றது?" என்று ஒரு டெய்லர் கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"வெஸ்ட்டுன்னு எழுதினது நானுங்க" என்றாள் சுகந்தி. "மாஸ்டர் மாடி ஏறி வந்து, பனியன்தானான்னு என்கிட்டக் கேட்டாரு. நாந்தான் தலையாட்டினேன்."